தொண்டையும் சிலேட்டும்

எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அஞ்சலைக்கு, மருந்து கொடுக்கிற டிரசர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். தோட்டத்து மருந்துக்கு நோய் கேட்கவில்லை, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று அர்த்தம். சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நேராக என்னிடம் வந்தாள். அங்கே என்ன செய்வார்கள், கத்தி வைப்பார்களா, உயிரோடு விடுவார்களா என்று கேட்டாள். இந்தத் தோட்டத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்த் திரும்பி வந்தவள் நான் ஒருத்திதான். வாயால் சொல்லலாம் என்றால், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் என் தொண்டை சண்டித்தனம் செய்கிறது. அதனால் எழுதுகிறேன். அஞ்சலையின் தம்பிக்குப் படிக்கத் தெரியும். அவன் படித்துக் காட்டட்டும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பயப்படாதே என்று நான் எழுதப் போவதில்லை. நான் நன்றாகப் பயந்தேன். பயந்துகொண்டே பிழைத்து வந்தேன்.

என் வாயைப் பற்றி இந்த நியாலாஸ் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கும்போது கங்காணி எனக்கு மேட்டு ரப்பர் மர நிரையைக் கொடுத்தால், அவர் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் பால் வாளியைத் தூக்குவேன். பொன்னியின் அப்பா எனக்கு நேர் எதிர். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, இங்கே எழுதப் போவதும் இல்லை. பொன்னி எங்கள் மகள், அவளுடைய அப்பா என்றால் போதும். எங்கள் வீட்டில் பேச்சு என் இலாகா, கேட்பது அவர் இலாகா. வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். நாள் முழுக்க இந்த மனிதர் போடுகிற சத்தம் இது ஒன்றுதான் என்று நான் கேலி செய்வேன்.

எனக்கு எழுத்து தெரியும். பிறந்த ஊரில் மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்திருக்கிறேன். லயத்துப் பெண்களுக்கெல்லாம் ஊருக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பது நான்தான். யாருக்கு எழுதினாலும் 'இவ்விடம் அனைவரும் சுகம், அவ்விடம் சுகத்துக்கு எழுதவும்' என்று தொடங்குவேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கடுதாசியும் அப்படித்தான் தொடங்கும். அது வழக்கம். அதற்குக் கீழேதான் பிள்ளை செத்த சேதி வரும்.

எனக்குக் குரல் கம்மியபோது தோட்டமே சிரித்தது. கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்றார்கள். நானும் சிரித்தேன். பனங்கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொண்டேன். டிரசர் கொப்பளிக்க மருந்து கொடுத்தார். குரல் திரும்பவில்லை. பிறகு சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. ரவிக்கை தொளதொளத்தது. எச்சில் விழுங்கினால் காதுவரை குத்தியது. மலேரியாதான் என்று கொயினா விழுங்கிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒருநாள் டிரசர் என் இருமலைக் கேட்டபடியே நின்றார். வழக்கமாகக் கிண்டல் செய்கிற மனிதர் நேராகச் சீட்டு எழுதினார்.

பொன்னியின் அப்பா என்னை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனார். அஞ்சலை, அங்கே முதலில் ஒரு நீள பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அந்த பெஞ்சுதான் எல்லாவற்றையும்விடக் கொடியது. பக்கத்தில் இருப்பவள் இருமினால் நீயும் இருமுவாய். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து, இவளைவிட நான் தேவலை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். புருஷன் பெயர் என்ன என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே தன் பெயரை மெதுவாகச் சொன்னார்.

மூடிபோட்ட கோப்பை ஒன்று கொடுப்பார்கள். காலையில் எழுந்ததும் வருகிற கோழையை அதில் துப்ப வேண்டும். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். நோய்ப் பூச்சி இருந்தால் அதில் தெரியும். அதில் வலி ஒன்றும் இல்லை. தொண்டையைப் பார்ப்பதுதான் கொஞ்சம் கஷ்டம். டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, உன் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுப்பார். நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை விளக்கில் சூடு காட்டி உள்ளே விடுவார். சூட்டைப் பார்த்ததும் சுடப்போகிறார் என்று நான் தலையை இழுத்துக்கொண்டேன். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்காமல் இருக்கத்தான் அந்தச் சூடு. அதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் மிஸியின் கையைக் கடித்திருக்க மாட்டேன்.

மிஸி என்றால் நர்ஸ். டாக்டர் சொன்னதை அவர்தான் தமிழில் எடுத்துச் சொன்னார். வந்திருப்பது காசம். நெஞ்சில் கொஞ்சம் இருக்கிறது, அது தொண்டைக்குள் குரல் பிறக்கிற இடத்துக்கு ஏறிவிட்டது. அங்கே இரண்டு மெல்லிய சதை இருக்கிறது, பேசும்போதெல்லாம் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். புண்ணான இடம் அடித்துக்கொண்டே இருந்தால் எப்படி ஆறும்?

"ஒரு வார்த்த பேசக்கூடாது. குசுகுசுன்னும் பேசக்கூடாது. புண்ணு காயுற வரைக்கும் நீ ஊமைன்னு நெனச்சுக்கோ" என்றார் மிஸி.

எத்தனை நாளைக்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் என் உதட்டில் விரலை வைத்தார். பொன்னியின் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தும் ஆறாவிட்டால், மின்சாரத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டுப் புண்ணைச் சுட வேண்டியிருக்கும் என்றார்கள். அதுவும் எல்லாருக்கும் பலிக்காதாம். பலிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லவில்லை.

காச வார்டு மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளி இருந்தது. ஒரு பக்கம் சுவரே கிடையாது, கடற்காற்றுக்காக அகல வராந்தா. கட்டிலில் கிடப்பது, மீன் எண்ணெய் குடிப்பது, பால் குடிப்பது, முட்டை விழுங்குவது, இதுதான் வைத்தியம். விழுங்குகிற வேலைதான் நரகம். ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணில் நீர் வரும். அஞ்சலை, உனக்கும் தொண்டை என்றால் இதை ஞாபகம் வைத்துக்கொள்: குப்புறப் படுத்து, கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டு, கீழே கோப்பையை வைத்துக் குழாயால் உறிஞ்சு. பார்க்கிறவர்களுக்கு மாடு தண்ணீர் குடிப்பதுபோல் இருக்கும். ஆனால் வலி பாதியாகக் குறையும்.

மிஸி எனக்கு ஒரு சிலேட்டும் குச்சியும் கொடுத்தார். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, வெளியே போக வேண்டும், இப்படி எழுதிக் காட்டுவதற்கு. பள்ளிக்கூடப் பழக்கத்தில் நான் எச்சிலைத் தொட்டு அழித்தேன். மிஸி ஓடிவந்து சிலேட்டைப் பிடுங்கிக் கழுவினார், அந்த எச்சிலில்தானே பூச்சி இருக்கிறது என்று திட்டினார். அப்புறம் ஒரு ஈரத் துணியைக் கட்டில் கம்பியில் கட்டிவிட்டார்.

தண்ணீரும் வலியும் எவ்வளவு நேரம்தான் எழுதுவது? வாயைக் கட்டிப் போட்டால் பேச்சு நின்றுவிடுமா? எல்லாம் உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் சும்மா குச்சியைப் பிடித்தேன். கை தன்பாட்டில் எழுதியது: 'இவ்விடம் அனைவரும் சுகம்.' அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டிலில் ஒருத்தி கோப்பையில் இரத்தம் துப்பிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. துணியை எடுத்து அழித்துவிட்டு, 'சுகம் இல்லை' என்று எழுதினேன். என் வாழ்நாளில் எனக்காக நான் எழுதிய முதல் வரி அதுதான்.

அன்றுமுதல் காலைக் கஞ்சிக்கு முன்னால் எழுதுவதும் அழிப்பதும் பழக்கமாகிவிட்டது. முதலில் வந்ததெல்லாம் வசவு. கங்காணியைத் திட்டினேன், டிரசரைத் திட்டினேன், என் ஓரகத்தியைத் திட்டினேன். பொன்னியின் அப்பாவுடைய அண்ணன் மனைவி அவள், அவளிடம்தான் பொன்னியை விட்டுவந்திருந்தேன். வாயால் திட்டுவது சுலபம், மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். குச்சியால் திட்டுவது மெதுவான வேலை. 'அவள் என் பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவ மாட்டாள்' என்று எழுதி முடிப்பதற்குள் சூடு ஆறிவிட்டது. சிலேட்டில் இன்னும் இடம் இருந்தது. அடுத்த வரி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. 'தலை சீவிவிட்டால் பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிட்டுவிடும்.'

கை நின்றுவிட்டது. அப்படியென்றால் இத்தனை காலமும் நான் கத்தியதெல்லாம் கோபமில்லையா? பயமா? எனக்கு என்னையே புதிதாக அறிமுகப்படுத்தி வைத்ததுபோல் இருந்தது. அறிமுகம் பிடிக்கவில்லை. அழித்தேன். ஆனாலும் அன்றைக்குப் பால் கொஞ்சம் சுலபமாக இறங்கியது.

எழுதினால் நோய் போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. புண் ஆறியது பேசாமல் கிடந்ததால். ஆனால் என்னைப்போல ஒருத்தி பேசாமல் கிடக்க முடிந்தது எழுதியதால்தான்.

பக்கத்துக் கட்டிலில் நேசம் இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், இருபது வயதுகூட இருக்காது. மலாக்கா டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். அவளுக்கு நோய் முழுக்க நெஞ்சில், பேசத் தடையில்லை. நான் ஊமை, அவள் பேச்சுத்துணை. என் சிலேட்டைக் கழுத்தை நீட்டி வாசிப்பாள்.

"அக்கா, கெதியா அழிக்காதேங்கோ. நான் வாசிச்சு முடிக்கேல்லை" என்பாள்.

என் வசவுகள் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டன. சில வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டு என்னைத் தர்மசங்கடப்படுத்துவாள். அவளைப் பார்க்க யாரும் வருவதில்லை. அப்பாவுக்குத் தபாலாபீசில் வேலை, அவள் பாஷையில் தபால் கந்தோர். மகளுக்குக் காசம் என்று தெரிந்தால் மற்றப் பெண்களுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று, அவள் யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போயிருப்பதாகச் சொல்லிவைத்திருந்தாராம். மாதம் ஒருமுறை பிஸ்கோத்து டின்னை வாசலில் கொடுத்துவிட்டு அப்படியே போய்விடுவார். நேசம் அந்த பிஸ்கோத்தை எங்களுக்கெல்லாம் பங்கு வைப்பாள். தான் தொடமாட்டாள்.

பொன்னியின் அப்பா ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வந்தார். வராந்தாப் படியில் நின்று, வீட்டில் செய்வதுபோலவே தொண்டையைச் செருமுவார். நேசம் உடனே தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "அக்கா, அத்தான் வாறார்" என்பாள். அவர் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஆரஞ்சு வாங்கி வருவார். பிறகு உட்காருவார். எனக்குப் பேச்சு கூடாது, அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதிக் காட்டினால், எழுத்தை மரியாதையோடு பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். நேசம்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். அடுத்தவள் வாயால் புருஷனிடம் என்ன பேசுவது? பிள்ளை சாப்பிட்டாளா, மழை ஒழுகுகிறதா, இவ்வளவுதான் எழுதினேன். பயம் என்கிற வார்த்தையை அவர் வருகிற நாளில் நான் எழுதியதில்லை.

அஞ்சலைக்கு வேண்டியது இவ்வளவுதான். இதுவரை எழுதிய தாள்களை அவள் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். நேற்று வாங்கிக்கொண்டு போனான். இனிமேல் எழுதுவதை யாரும் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். இது எனக்கு.

நான் வார்டில் கிடந்த அந்தச் சமயம் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள். வேலை இல்லாதவர்களைக் கப்பலில் ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னியின் அப்பா வந்து, உட்காராமல் நின்றார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அண்ணன் பேர வேலையிலேருந்து வெட்டிட்டாங்க. குடும்பத்தோட கப்பல் ஏறுது. புள்ளைய அண்ணி கூட்டிட்டுப் போறேங்குது. இங்க வச்சுக்கிட்டு நான் வேலைக்கிப் போனா யாரு பாப்பா? நீ நல்லாயி வந்ததும் வரவழச்சுக்கலாம்." துண்டை உதறித் தோளில் போட்டார். "சரின்னா தலைய மட்டும் ஆட்டு. போதும்."

நல்லாயி வந்ததும் என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வரமாட்டேன் என்று லயத்தில் முடிவு செய்துவிட்டார்கள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

வாயைத் திறந்தேன். அலறியிருப்பேன். அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்துவிட்டது. நேசம் கட்டிலிலிருந்து பாய்ந்து வந்து தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். "அக்கா, வேண்டாம். இவ்வளவு நாளும் பொறுத்தது வீணாப் போயிடும். எழுதுங்கோ" என்று சிலேட்டை மடியில் வைத்தாள்.

'என் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது' என்று எழுதினேன். இன்னும் என்னென்னவோ எழுதினேன். நேசம் வாசிக்க வாய் எடுத்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டு, ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். தினமும் காலையில் செய்கிற வேலைதானே? வசவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். அதை எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

நேசம் மெதுவாக வாசித்தாள். "எனக்குப் பயமாக இருக்கிறது. சாவுக்குப் பயமில்லை, பிள்ளைக்கு என் முகம் மறந்துவிடும் என்றுதான் பயம். அவள் இங்கே இருக்கிறாள் என்கிற தெம்பில்தான் நான் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறேன். அனுப்ப வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்."

அவர் வாசித்தவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். நான் பயப்படுவேன் என்று அவருக்குத் தெரியாது. கெஞ்சுவேன் என்று எனக்கே தெரியாது. பார்வை நேரம் முடிந்து மணி அடித்தார்கள். அவர் கையை நீட்டி சிலேட்டை வாங்கிக்கொண்டார்.

"இத எடுத்துக்கிட்டுப் போறேன். ஆபீஸ் கிராணியாரு படிக்கட்டும். அண்ணன் கேக்கட்டும்" என்றார்.

வராந்தா முனைவரை போனவர் திரும்பி நேசத்தைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்கிறார் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அவள் வாசிக்க வாசிக்க அவர் உதடு அசைந்தது. பலமுறை வாசித்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சிலேட்டைத் தோள் துண்டில் பத்திரமாகச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு போனார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

என்னிடம் சிலேட்டும் இல்லை, பதிலும் இல்லை. மிஸி வேறு சிலேட்டு தருவதாகச் சொன்னார், வரவில்லை. நான் விரலால் போர்வையில் எழுதினேன், தொடையில் எழுதினேன். கப்பல் போயிருக்கும் என்று கணக்குப் போட்ட அன்றைக்கு மீன் எண்ணெயைக் குடிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்து அவர் வரவேண்டிய ஞாயிறு வந்தது. நேசம் காலையிலிருந்தே படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் யாரோ செருப்புச் சத்தத்தோடு போனார்கள். செருமல் மட்டும் கேட்கவில்லை. பிள்ளையைக் கப்பலேற்றிவிட்டார், என் முகத்தில் விழிக்க வெட்கப்படுகிறார் என்று முடிவு கட்டினேன்.

"வருவார் அக்கா. எனக்குத் தெரியும்" என்றாள் நேசம். அதைச் சொல்லவே அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அந்த வாரத்தில் அவளுக்கு நெஞ்சிலிருந்து இரத்தம் கட்டுப்படவில்லை. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். ஒரு பகல் வேளையில் திரையை விலக்கியபோது மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தது. அவளுக்காக ஒரு குரல் அழக்கூட எனக்கு அனுமதி இல்லை. வாயைத் திறக்காமல், சத்தம் போடாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுடைய பிஸ்கோத்து டின் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பாதி மீதமிருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு நான் படியைப் பார்க்கவே இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அப்போது செருமல் கேட்டது. படியில் இல்லை, எங்கோ தூரத்தில். பலமாக, திரும்பத் திரும்ப. எழுந்து வராந்தாவுக்கு வந்தேன். வேலிக்கு வெளியே ஒரு மரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். காச வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். அவர் இடுப்பில் பொன்னி இருந்தாள்.

பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவி, வகிடு கோணலாக எடுத்திருந்தது. ஆம்பிளை சீவிய தலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்தான் போன தடவை வரமுடியவில்லை என்று அந்த வகிட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர் பொன்னியின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினார். அவள் ஆஸ்பத்திரிக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நேசத்திடம் சொல்லத் திரும்பினேன்.

கடைசியில் கம்பி வைக்கவில்லை. கண்ணாடியை விட்டுப் பார்த்து, புண் காய்ந்துவிட்டது என்றார் டாக்டர். முதலில் குசுகுசுவென்று பேச விட்டார்கள், பிறகு வாய்விட்டு. வந்த குரல் என்னுடையது இல்லை. தகரத்தில் மணலைக் கொட்டுகிற சத்தம். பொன்னி அதைக் கேட்டு அப்பாவின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், பழக நாளாயிற்று. கங்காணிக்கு மட்டும் சந்தோஷம். நான் எட்ட நின்று திட்டினால் கேட்காது, பக்கத்தில் வந்து திட்டினால்தான் அவருக்குக் கேட்கும்.

வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் அந்த சிலேட்டு தொங்கியது. வெறும் சிலேட்டு. பொன்னி கிறுக்கக் கேட்டால் அவர் தரமாட்டார். என்ன நடந்தது என்று லயத்துப் பெண்கள் சொன்னார்கள். இவர் பெரட்டுக் களத்தில் கிராணியார் முன்னால் துண்டைப் பிரித்திருக்கிறார். மழை ஈரத்தில் துண்டே எல்லா எழுத்தையும் துடைத்துவிட்டது. சிலேட்டில் ஒரு கோடுகூட இல்லை. கிராணியார் சிரித்தாராம். அண்ணன், வெறும் பலகையைக் காட்டி என்னடா சொல்ல வர்றே என்று கேட்டாராம். இவர் கையில் சிலேட்டை ஏந்திக்கொண்டு, அதைப் பார்த்தபடியே, ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாராம், பெரட்டுக் களம் முழுக்கக் கேட்க. முடித்ததும் என் ஓரகத்தி போய்ப் பொன்னியின் துணிமூட்டையைத் தன் பெட்டியிலிருந்து எடுத்து இவர் கையில் கொடுத்தாளாம். நான் சிலேட்டில் திட்டித் தீர்த்த அதே ஓரகத்திதான்.

ஒருநாள் அவரிடமே கேட்டேன், என்ன சொன்னீர்கள் என்று. அவர் வெட்கப்பட்டார். பிறகு சிலேட்டைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். பயமாக இருக்கிறது என்பது வந்தது. முகம் மறந்துவிடும் என்பது வந்தது. அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சியதும் வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"வராந்தாவில் நீங்கள் செருமுகிற சத்தம் கேட்டால், அன்றைக்கு முழுக்க எனக்கு வலி தெரிவதில்லை."

அதை நான் எழுதவில்லை.

நேசம், வராந்தா முனையில் நின்று இந்த வரியை எங்கிருந்து வாசித்தாய்? உன்னைப் பார்க்க யாரும் வரவில்லை. அந்த வார்டில் உனக்குக் கிடைத்த ஒரே செருமல் என் வீட்டுக்காரருடையது. உன் ஏக்கத்தை என் சிலேட்டில் சேர்த்துவிட்டாயா? அல்லது நான் எத்தனை காலை எழுதியும் எட்டாத ஒன்றை என் முகத்திலிருந்தே படித்துவிட்டாயா? கேட்க ஆள் இல்லை. எனக்கு அவரிடம் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. கொஞ்சநாள் அந்த வரியைத் திருட்டுச் சொத்துபோல வைத்துக்கொண்டிருந்தேன். கோபம்கூட வந்தது. பிறகு சாயங்காலங்களில் கஞ்சி கிளறிக்கொண்டே வாசலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பதை நானே கண்டுபிடித்தேன். செருமல் கேட்டபிறகுதான் கரண்டி ஒழுங்காகச் சுற்றுகிறது.

இன்று அஞ்சலையை பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஆணியிலிருந்து சிலேட்டை இறக்கினேன். பொன்னியின் குச்சியால் அந்த வரியை எழுதினேன். பழைய இடத்தில் மாட்டிவிட்டு அடுப்புக்கு வந்தேன்.

வாசலில் செருமல் கேட்டது. உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனவர், அப்படியே நின்றார்.

"எழுத்து வந்திருக்கு" என்றார்.

"ம்."

"அன்னைக்கு எழுதினதா?"

"ஆமா."

சிலேட்டுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "அன்னைக்கு நெறைய வரி இருந்துச்சே. ஒண்ணுதான் இருக்கு?"

என் தொண்டையில் என்ன குரல் மிச்சமிருந்ததோ அதில் சொன்னேன்.

"இது அந்தக் கடைசி வரிங்க."